துரு போகலாம், எழுத்து போகக்கூடாது

நான் வாங்கிய முதல் பழங்கால ரிவால்வர் என் கைக்கு வந்து சேரவே இல்லை.

பெல்ஜியத்தில் செய்த சின்னப் பாக்கெட் ரிவால்வர் அது. விற்றவர் அனுப்பிய படங்களில் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. மூலை முடுக்கெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே புதிதாகக் கருநீலப் பூச்சும் ஏற்றியிருந்தார்கள். நான் விழுந்ததே அந்தப் பளபளப்பில்தான். அமெரிக்கச் சுங்கத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரிக்கோ அதுவே சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. 1898-க்குள் செய்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுக் கடிதம் வந்தது.

ஆதாரம் இரும்பிலேயே இருந்திருக்க வேண்டும். துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்கும் லியேஜ் நகரச் சோதனைச்சாலையின் முத்திரை, ஒரு முட்டை வடிவ வட்டத்துக்குள் எழுத்துகளாக இருக்கும். 1893 முதல் அந்த வட்டத்தின் தலையில் ஒரு கிரீடமும் சேர்ந்துகொண்டது. கிரீடம் இல்லையென்றால் அதற்கு முந்தையது, பேச்சு முடிந்தது. என் ரிவால்வரில் வட்டம் இருந்ததற்கான நிழல் மட்டும்தான் மிச்சம். கிரீடம் ஒன்று இருந்து பஃபிங் சக்கரத்தில் போனதா, ஆரம்பத்திலிருந்தே இல்லையா, யாராலும் சொல்ல முடியவில்லை. சில வாரம் கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு, 'இந்தப் பொருளின் மீதான உரிமையைக் கைவிடுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சுங்கத்தைத் திட்டித் தீர்க்கத்தான் முதலில் தோன்றியது. திட்ட வேண்டியது அதைத் தேய்த்தவரை. துருவோடு சேர்த்து அதன் பிறந்த தேதியையும் அவர் தேய்த்துவிட்டார்.

மூன்று வருடம் கழித்துத்தான் மறுபடி கை வைத்தேன். அதற்குக் காரணம் பிரிட்டனில் நடந்த ஒரு விதி மாற்றம். அங்கே உரிமம் இல்லாமல் பழங்காலத் துப்பாக்கி வைத்துக்கொள்ள வழி உண்டு: 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும், வழக்கொழிந்த தோட்டா அளவுகள் என்று அரசு போட்டிருக்கும் பட்டியலில் அதன் தோட்டா இருக்க வேண்டும், அழகுப் பொருளாகவோ சேகரிப்பாகவோ மட்டும் வைத்திருக்க வேண்டும். பழைய ரிவால்வர்களுக்குக் கையால் தோட்டா செய்து குற்றங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் 2021 மார்ச் 22 முதல் ஏழு அளவுகளைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். .320, .41 கோல்ட், .44 ரஷ்யன் இவற்றோடு .442 ரிவால்வர் அளவும் போயிற்று. கையில் வைத்திருப்பவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம். செப்டம்பர் 22-க்குள் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், சட்டப்படி வேறொருவருக்குக் கொடுக்கலாம், இல்லையென்றால் காவல்துறையிடம் ஒப்படைக்கலாம்.

இங்கிலாந்தில் ஒரு பெரியவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருடமாக மேசை இழுப்பறையில் வெப்லி நிறுவனத்தின் .442 ரிவால்வர் ஒன்றை வைத்திருந்தார். ஒரே காலையில் அது வேறு பொருளாகிவிட்டது. உருக்கிவிடுவார்களே என்ற கவலையில் வெளிநாட்டில் யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று தேடிக்கொண்டிருந்தார். பொதுவான நண்பர் ஒருவர் மூலம் என்னிடம் வந்தார்.

வெப்லியின் ஆர்.ஐ.சி. மாடல் அது. 1868-இல் அயர்லாந்துக் காவல்படையான ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி எடுத்துக்கொண்டதால் அந்தப் பெயர். பிற்கால வெப்லி மாதிரி நடுவில் மடங்காது. ஃப்ரேம், அதாவது உடல், ஒரே கட்டி. வலது பக்கம் சின்னக் கதவைத் திறந்து ஒவ்வொரு தோட்டாவாகப் போட வேண்டும். காலித் தோட்டாவைத் தள்ளும் கம்பி, தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டரின் நடு அச்சுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். வெளியே இழுத்து, பக்கவாட்டில் திருப்பித் தள்ள வேண்டும். ஆறு அறை. குட்டையான, தடித்த, அழகென்று சொல்ல முடியாத பொருள். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

படத்தில் அது ஒரு செங்கல் மாதிரி இருந்தது. அவ்வளவு துரு. அந்தத் துருவைப் பார்த்ததும் எனக்கு நிம்மதிதான். யாரும் இதைத் தேய்க்கவில்லை.

இனி வருடக் கணக்கு. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் 'பழங்காலம்' என்பதற்கு ஒவ்வொரு எல்லையிலும் ஒவ்வொரு கோடு. அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி 1898-இலோ அதற்கு முன்போ செய்தது 'ஆன்டீக்'. அந்தச் சட்டத்தின் கணக்கில் அது துப்பாக்கியே இல்லை. கனடாவில் 1898-க்கு முன். ஒரு வருடம்தான் வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் 1898-இல் செய்த ரிவால்வர் ஒன்று எல்லைக் கோட்டின் இந்தப் பக்கம் ஆன்டீக், அந்தப் பக்கம் இல்லை. தவிர கனடாவில் கைத்துப்பாக்கிக்கு வயது மட்டும் போதாது; .45 கோல்ட், .44-40 போன்ற சில தோட்டாக்களுக்கானது என்றால் எவ்வளவு பழையதானாலும் சலுகை கிடையாது. பிரிட்டனில் 1939, மேலே சொன்ன தோட்டாப் பட்டியலோடு. இவை எல்லாம் வைத்திருப்பதற்கும் உள்ளே கொண்டுவருவதற்கும். வெளியே அனுப்புவதற்கு வேறு கோடு: ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் வாசனார் உடன்படிக்கை நாடுகளின் ராணுவப் பொருள் பட்டியல், 1890-க்கு முன் செய்த கைத்துப்பாக்கியை விட்டுவிடுகிறது. அதற்குப் பிந்தையது என்றால் அனுப்புகிறவர் ஏற்றுமதி உரிமம் வாங்க வேண்டும். பிரிட்டனின் பட்டியலும் இதைத்தான் பின்பற்றுகிறது.

ஆக எனக்கு இரண்டு கதவு. பெரியவர் வீட்டுக் கதவில் 1890, என் வீட்டுக் கதவில் 1898. வாங்குகிறவர்கள் தங்கள் நாட்டுக் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறார்கள். அனுப்புகிற நாட்டின் கோட்டை முதலில் பாருங்கள். பெட்டி அங்கேயே நின்றுவிட்டால் உங்கள் சட்ட அறிவால் ஒரு பயனும் இல்லை.

பெரியவரிடம் முத்திரைகளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். குழலிலும் சிலிண்டரிலும் பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் பழைய முத்திரை, கிரீடத்துக்குக் கீழே குறுக்காக இரண்டு செங்கோல், இருந்தது. 1904-இல் அதை மாற்றிவிட்டார்கள், எனவே அதற்கு முந்தையது. ஃப்ரேமில் தயாரிப்பாளர் பெயர் 'பி. வெப்லி அண்ட் சன்'. 1897-இல் அந்த நிறுவனம் வேறு இரண்டு நிறுவனங்களோடு சேர்ந்து வெப்லி அண்ட் ஸ்காட் ஆகிவிட்டது. பழைய பெயர் இருப்பதால் இணைப்புக்கு முந்தையது. என் கதவு திறந்துவிட்டது. அவர் கதவு இன்னும் திறக்கவில்லை. 1897-க்கு முன் என்றால் 1894 ஆகவும் இருக்கலாமே?

மிச்சம் இருந்தது ஃப்ரேமின் மேல்பட்டை. அந்தக் காலத்தில் வெப்லி செய்ததை விற்ற கடைக்காரர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் அங்கே செதுக்கிக்கொள்வது வழக்கம். பெரியவர் அனுப்பிய படத்தில் அங்கே சிவப்புத் துரு மட்டும்தான்.

"சன்னமான எம்ரித் தாளால் லேசாக ஒரு தடவை தேய்த்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டு எழுதியிருந்தார். ராத்திரி பதினோரு மணிக்கு அதைப் படித்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன். அங்கே விடிகாலை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் பேசினேன்.

எழுத்தின் பள்ளம் ஒரு முடியின் கனம் கூட இருக்காது. எம்ரி சுற்றியுள்ள மேட்டைக் குறைத்தால் பள்ளம் தானாகப் போய்விடும். அதற்குப் பதில் அவர் செய்தது இது. மெல்லிய எண்ணெயில் நனைத்த துணியைப் பட்டையின் மேல் போட்டு, பிளாஸ்டிக் தாள் சுற்றி, இரண்டு வாரம் விட்டார். இரண்டு நாளைக்கு ஒருமுறை துணியை மட்டும் மாற்றினார். துரு ஊறி மெத்தென்று ஆன பிறகு மூங்கில் பல்குச்சியின் முனையால், எழுத்து ஓடும் திசையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். உலோகம் எதுவும் தொடவில்லை. பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பட்டையின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தார். நேரே அடித்தால் எதுவும் தெரியாத இடத்தில், சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்துகள் நிழல் விழுந்து எழுந்து நின்றன. கடைசியாக ஒரு மெல்லிய தாளை மேலே வைத்து, மிருதுவான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். சின்ன வயதில் காசின் மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அதேதான்.

அந்தத் தாளில் லண்டன் கடை ஒன்றின் பெயர் பாதியும், தெருப் பெயரும் கதவு எண்ணும் முழுசாகவும் வந்திருந்தன. லண்டனுக்கு அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் தபால் டைரக்டரி அச்சாகிக்கொண்டிருந்தது. கடைகள் தெருவாரியாக இருக்கும். நூலகத்தில் உட்கார்ந்து வருடம் வருடமாகப் புரட்டியதில் அந்தக் கடை அந்த எண்ணில் 1884 டைரக்டரி வரை இருந்தது, அடுத்த வருடம் வேறு தெருவுக்குப் போய்விட்டது. இரண்டாவது கதவும் திறந்தது. மூன்று பக்க நகல் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வட்டத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார். லேத் வேலையில் முப்பது வருடம், எந்த இரும்பும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். இந்தக் காகித வேலையைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி இவ்வளவு பாடு? பழைய இரும்புச் சாமான்னு எழுதி அனுப்பச் சொல்லு. இல்லேன்னா கழட்டி மூணு பார்சலா அனுப்பச் சொல்லு" என்றார்.

இந்த யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வரும், அதனால் சொல்கிறேன். சுங்கத்தில் பொய் விவரம் எழுதுவதே தனிக் குற்றம். ரிவால்வர் சட்டப்படி சுத்தமாக இருந்தாலும் பொய் எழுதிய அந்தத் தாள் அதைக் கடத்தல் பொருளாக்கிவிடும். கழற்றி அனுப்பினாலும், ஆன்டீக் அல்லாத துப்பாக்கியில் ஃப்ரேம்தான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. மூன்று பார்சலில் ஒன்று எப்படியும் மாட்டும். ஒளிக்க எதுவுமே இல்லாதபோது ஒளிப்பது போல நடந்துகொள்வதைவிட முட்டாள்தனம் வேறு இல்லை. அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "சரி, நீ படிச்சவன்" என்று டீயை உறிஞ்சினார். அது பாராட்டு இல்லை.

பெட்டியோடு போன காகிதங்களைச் சொல்லிவிடுகிறேன். இன்வாய்ஸில் பொருளை உள்ளபடியே எழுதினோம்: பழங்கால ரிவால்வர், தயாரிப்பாளர், அளவு, தொடர் எண், 1884 அல்லது அதற்கு முன் தயாரிக்கப்பட்டது, நூறு வயதுக்கு மேற்பட்டது. சுங்க வகைப்பாட்டில் 9706 என்ற தலைப்பு நூறு வயது தாண்டிய பழம்பொருள்களுக்கானது; அமெரிக்காவில் அதற்குச் சாதாரணச் சுங்க வரி இல்லை. அதைத் தவிர ஒரே ஒரு தாள், அதுதான் முக்கியம்: மேல் பாதியில் முத்திரைகளின் நான்கு நெருக்கப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே அது எந்த வருடத்தைக் காட்டுகிறது என்று ஒரு வரி, கீழ்ப் பாதியில் பென்சில் தேய்ப்பின் நகலும் டைரக்டரிப் பக்கமும். அதிகாரி ஒரு நிமிடம் ஒதுக்குவார் என்று வைத்துக்கொண்டு தயாரித்தேன். இருபது பக்கம் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

கூரியர் நிறுவனங்கள் சட்டத்தைவிடக் கறாரானவை. ஒரு நிறுவனம் முன்பதிவை ஏற்றுக்கொண்டு, பெட்டியை எடுத்துப் போய், ஆறு நாள் கிடங்கில் வைத்திருந்துவிட்டு, 'எங்கள் கொள்கைப்படி எந்த வயதுத் துப்பாக்கியும் எடுப்பதில்லை' என்று திருப்பிக் கொண்டுவந்து போட்டது. ஆகஸ்ட் நடுப்பகுதி அப்போது. பெரியவருக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பழம்பொருள் மட்டுமே அனுப்பும் ஒரு ஏஜென்ட் எடுத்துக்கொண்டார். எழுத்தில் சம்மதம் வாங்காமல் எந்தக் கூரியரிடமும் பெட்டியைக் கொடுக்காதீர்கள். போனில் பேசுபவருக்குத் தன் கம்பெனி விதியே தெரியாது. உங்கள் மாநிலமும் நகரமும் ஆன்டீக் பற்றி என்ன சொல்கின்றன என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். எல்லா மாநிலமும் மத்தியச் சட்டத்தின் கோட்டை அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை.

செப்டம்பர் முதல் வாரம் பெட்டி வந்தது. சுங்கம் திறந்து பார்த்து, ஒட்டி, விட்டிருந்தது. என்னை எதுவும் கேட்கவில்லை.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. சிரிக்காதீர்கள். பரணிலிருந்து இறங்கிய பழைய ரிவால்வர்களில் தோட்டா இருந்த கதைகள் உண்டு. சிலிண்டர் இறுகிப் போயிருந்ததால் கதவு வழியாக ஒரே ஒரு அறைதான் தெரிந்தது. குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி வைத்து, சிலிண்டருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் டார்ச் அடித்து மற்ற ஐந்தையும் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காலி. அதன் பிறகுதான் மேசைக்கே வந்தது.

அடுத்தது ஸ்க்ரூ. பழைய ஸ்க்ரூக்களின் காடி மிகக் குறுகல், கையால் வெட்டியது. வீட்டில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவர் ஆப்பு மாதிரிச் சரிவாக இருக்கும். திருகினால் ஏறி வழுக்கி, தலையைக் கிழித்துவிடும். கிழிந்த தலை ஒன்றே போதும், 'இதை எவனோ நோண்டியிருக்கிறான்' என்று சேகரிப்பாளர்கள் பெட்டியை மூடிவிடுவார்கள். பக்கவாட்டுகள் இணையாக இருக்கும்படி அரைத்த முனை வேண்டும், அகலமும் கனமும் காடிக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். அண்ணன் என் எட்டு ஸ்க்ரூக்களுக்கும் எட்டு முனை அரைத்துக் கொடுத்தார். இறுகியதை இளக்க அசிடோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெயும் சரிபாதி கலந்தோம். அந்த எண்ணெயின் சுருக்கப் பெயர் ஏடிஎஃப். துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பின் சுருக்கப் பெயரும் ஏடிஎஃப்தான். இரண்டு ஏடிஎஃப்பும் ஒத்துழைத்தால்தான் பழைய ரிவால்வர் அசையும் என்று எங்களுக்குள் ஒரு ஜோக். கலவை சட்டென்று தீப்பிடிக்கும். திறந்த வெளியில், நெருப்பில்லாமல்.

சொட்டுவிட்டு ஒரு வாரம். அப்புறம் ஸ்க்ரூத் தலையில் சால்டரிங் அயர்னைச் சில நிமிடம் வைத்துச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி சொட்டு. ஏழு ஸ்க்ரூ வந்துவிட்டன. எட்டாவதை நான் அழுத்தப் போனபோது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு தம்பி. அது வரேன்னு சொல்லட்டும்." இருபத்து மூன்றாம் நாள் அது வரேன் என்றது. சிலிண்டர் அச்சு அதற்கும் பின்னால்.

துருவில் இரண்டு வகை. சிவப்புத் துரு உயிரோடு இருப்பது, தின்றுகொண்டே போகும். பழுப்பும் கறுப்புமாக இறுகிக் கிடப்பது வேலை முடிந்தது. அது தோலோடு தோலாக இரும்பைக் காக்கிறது. எடுக்க வேண்டியது சிவப்பை மட்டும். அதையும் எடுப்பதைவிட மாற்றுவது நல்லது. பாகங்களை அசிடோனில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் சிவப்பு ஆக்ஸைடு கறுப்பு ஆக்ஸைடாக மாறிவிடும். குழாய் நீர் கூடாது, உப்புக் கறை பிடிக்கும். வெளியே எடுத்தால் மேலே வெல்வெட் மாதிரிக் கறுப்புத் தூள் படிந்திருக்கும். பிசுக்கில்லாத மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் அதைத் துடைத்தால் கீழே பழைய கருநீலம், இருந்த அளவு, அப்படியே இருக்கும். நான்கு முறை கொதிக்கவிட்டேன். மூன்றாவது கொதியில் குழலின் இடது பக்கம் விரல் அகலத்துக்கு அசல் நீலம் வெளியே வந்தது. துருவுக்குக் கீழே நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஒளிந்துகொண்டிருந்த நீலம். அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

ட்ரிகர் கார்டில்தான், விசையைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தில்தான், என் புத்தி கெட்டது. தனியாகக் கழற்றிய பாகம், முத்திரை எதுவும் இல்லை, சின்னது. இதற்கெதற்குக் கொதி என்று ராத்திரி வினிகரில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் சாம்பல் நிறத்தில், வெறிச்சென்று, நேற்றுச் செய்த பைப் துண்டு மாதிரி இருந்தது. அமிலத்துக்குத் துருவும் ஒன்றுதான், நீலமும் ஒன்றுதான்; இரண்டுமே ஆக்ஸைடு. கடையில் விற்கும் துரு நீக்கும் திரவங்களும் பெரும்பாலும் இதையே செய்யும். துரு ஏற்றிக் கொதிக்கவைக்கும் பழைய முறையில் பிறகு கொஞ்சம் கறுப்பாக்கிப் பார்த்தேன். சாயம் பூசிய மீசை மாதிரிதான் இருக்கிறது. விட்டுவிட்டேன்.

பிடி ஒரே துண்டு வால்நட் மரம், கட்டம் கட்டமாகக் கீறியது. எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கறுத்திருந்தது. சுண்ணாம்புக்கல் தூளை (வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல) அசிடோனில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் மரத்துக்குள் ஊறிய எண்ணெயை அது வெளியே இழுத்துவிடும். பிறகு ஆளி விதை எண்ணெய், விரலால், ஒரு துளிதான். அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும், விரித்துக் காயவிடுங்கள். கடைசியில் மரத்துக்கும் இரும்புக்கும் சேர்த்து ரினைசன்ஸ் மெழுகு. பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான மெழுகு அது, எண்ணெய் மாதிரித் தூசியைக் கூப்பிடாது. பிடி தந்தமாக இருந்திருந்தால் கதையே வேறு. துப்பாக்கி விதிக்கு முன்னால் அழியும் உயிரினங்களுக்கான விதிகள் வந்து நின்றிருக்கும். தந்தப் பிடி உள்ள எதையும் எல்லை தாண்டி வாங்க நான் துணிய மாட்டேன்.

சுடுவீர்களா என்று கேட்பவர்களுக்கு: மாட்டேன். செங்கோல் முத்திரை பழைய கறுப்பு வெடிமருந்துக்குச் சோதித்ததைச் சொல்கிறது, இன்றைய புகையில்லா வெடிமருந்தின் அழுத்தத்துக்கு அந்த இரும்பு பதில் சொல்லாது. சுடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் பாகம் மாற்ற வேண்டும், குழல் பார்க்க வேண்டும். எனக்கு அது தேவையில்லை. சுத்தியல் ஏறுகிறது, சிலிண்டர் ஒரு அறை நகர்கிறது, அவ்வளவு போதும்.

இதே வெப்லி 1915-இல் செய்த மார்க் 6 ஆக இருந்திருந்தால் நான் செய்த எதுவும் செல்லாது. ஐம்பது வயது தாண்டியதால் சேகரிப்புப் பொருள் என்ற வகைக்குள் வரலாம், ஆனால் சட்டப்படி அது துப்பாக்கி. உரிமம் பெற்ற இறக்குமதியாளர் ஒருவர் மூலம் ஏடிஎஃப்-இன் படிவம் 6 போட்டு, அனுமதி கைக்கு வந்த பிறகுதான் அங்கிருந்து பெட்டியே கிளம்ப வேண்டும். வந்ததும் 6-ஏ. அதோடு இறக்குமதியாளர் தன் பெயரையும் ஊரையும் இரும்பில் பொறிக்க வேண்டும், ஆழம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்காவது இருக்க வேண்டும் என்று விதி. நூறு வயது ரிவால்வரின் மேல் நேற்றைய எழுத்து. ஆன்டீக்குக்கு இந்தப் பொறிப்பு வேண்டியதில்லை என்பதுதான் 1898 என்ற கோட்டின் மேல் எனக்குள்ள பாசம்.

ஊரிலிருந்து பேசும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதை இந்தியாவுக்குக் கொண்டுவரலாமா?" இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் 1898 மாதிரி ஒரு வருடக் கோடு இல்லை. 45-ஆம் பிரிவு விலக்கு அளிப்பது பழைய பாணி, பழம்பொருள் மதிப்பு அல்லது பழுதான ஆயுதத்துக்கு. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக அது இருக்க வேண்டும். அதாவது சுத்தியல் ஏறி, சிலிண்டர் நகர்கிற என் வெப்லி அங்கே வெறும் துப்பாக்கி. குடிபெயர்ந்து திரும்புகிறவர்கள் ஒரே ஒரு துப்பாக்கி, வெளிநாட்டில் குறைந்தது ஒரு வருடம் வைத்துப் பயன்படுத்தியது, இந்திய உரிமத்தோடும் வரியோடும், வாழ்நாளில் யாருக்கும் கைமாற்ற மாட்டேன் என்ற நிபந்தனையோடு கொண்டுவரலாம். அதிலும் .455, .380 தோட்டா ஏற்கும் ரிவால்வர்கள் தடை செய்த வகை. பெரும்பாலான ராணுவ வெப்லிகள் அங்கேயே விழுந்துவிடும். தப்பித் தவறி உள்ளே போய்விட்டால், நூறு வயது தாண்டிய பொருளை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் யாரும் மறுபடி வெளியே கொண்டுவர முடியாது. ஆசைப்பட்டு அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அங்க கொண்டு போய் யாருக்குக் காட்டப் போற?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

எல்லாம் முடிந்து, வெள்ளைத் துணியில் வைத்துப் படமெடுத்துப் பெரியவருக்கு அனுப்பினேன். குழலின் நீலம், பிடியின் கட்டங்கள், சாய்ந்த வெளிச்சத்தில் மேல்பட்டை எழுத்து, இப்போது முழுசாகப் படிக்கும்படி. ட்ரிகர் கார்டு நிழலில் விழும்படி பார்த்துக்கொண்டேன். மறுநாளே பதில் வந்தது. ஒரே வரி.

"அழகாக இருக்கிறது. ட்ரிகர் கார்டுக்கு என்ன ஆயிற்று?"